வனஜா இறங்கிய கதை

“வனஜா பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிறாள், முற்றுப்புள்ளி” என்றாள் சகாயராணி. வனஜா இறங்கவே இல்லை. புத்தகத்தில் அவள் பஸ்ஸோடு போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்காதவளை இறக்கிவிட்டது தவசி. போன மாசம், வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், அவளுக்கு வாசித்துக் காட்டும்போது, வாய்க்கு வந்தபடி. இப்போது அந்தப் பொய் ஊரைச் சுற்றிக்கொண்டு பரீட்சை ஹாலுக்கே வந்து, என்னை எழுதுடா என்று அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவன் பேனா ‘வனஜா பஸ்ஸை விட்டு’ என்பதோடு நின்றிருந்தது. அதுவரைக்கும் பாதகமில்லை, அந்த மூன்று வார்த்தை எந்தப் பக்கமும் சாயலாம். சகாயராணிக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அவள் சொல்வாள், அவன் எழுதுவான், அந்த வேலைக்குப் பெயர் ஸ்கிரைப். பி.ஏ. தமிழ், அரியர் பேப்பர், சிறுகதை இலக்கியம். மற்றவர்களுக்கு மூணு மணி நேரம், அவளுக்கு ஒரு மணி நேரம் கூட. அதிலும் மிச்சம் இருப்பது முப்பது நிமிஷம். கடைசிக் கேள்வி, பதினைந்து மார்க்: பாடத்திலுள்ள நான்காவது கதையின் முடிவைக் கொண்டு நோக்குநிலையையும் முரண்நகையையும் விளக்குக. “என்னடா, பேனா நின்னுருச்சு” என்றாள், முகத்தைத் திருப்பாமல் காதை மட்டும் அவன் பக்கம் கொடுத்து. அவளுக்குப் பேனாச் சத்தம் கேட்கும். காகிதத்தில் எத்தனை வார்த்தை ஓடியது என்றுகூடச் சொல்லிவிடுவாள். எதிர் மேஜையில் சூப்பர்வைசர் ஜெயசீலன் சார் தலையைத் தூக்கினார். தவசி இருமினான். இருமுவதற்குத் தடை கிடையாது.

பேசுவதற்குத்தான் தடை. காலையில் கேள்வித்தாளைக் கொடுக்கும்போதே சார் சொல்லிவிட்டார். “கேள்விய வாசிக்கலாம். எழுதினத வாசின்னு அவங்க கேட்டா வாசிக்கலாம். அதுபோக ஒரு வார்த்தை உன் வாயில இருந்து வந்துச்சு, பேப்பர வாங்கி வச்சுட்டு ரெண்டு பேரையும் அனுப்பிருவேன். வெளங்குதா?” விளங்குது. ஒரு ஃபாரத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள், சொல்வதை மட்டும் எழுதுவேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று. தவசி அதைப் படிக்காமலே போட்டான், எதைத்தான் அவன் படித்துவிட்டுப் போட்டிருக்கிறான். ஸ்கிரைப்பாக வருகிறவன் பரீட்சை எழுதுகிறவரைவிடக் கம்மியாகப் படித்திருக்க வேண்டும் என்று விதி. ஆபீஸ் மேடம் கேட்டார், எதுவரைக்கும் படிச்சிருக்க? பிளஸ் ஒன். பாஸா? மூணு பேப்பர் போச்சு மேடம். அப்புறம்? அப்புறம் போகல. “நல்லது” என்று எழுதிக்கொண்டார். அவன் படிப்பை விட்டதை நல்லது என்று சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் அந்த மேடம்தான். அம்மா ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாள், மஞ்சக்காமாலை, சேர்க்கை சரியில்லை, கெமிஸ்ட்ரி சார் கை நீட்டிவிட்டார். ஒரு காரணமும் கிடையாது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கதையை நடத்தி முடித்துவிட்டு, இக்கதை உணர்த்தும் நீதி யாது என்று தமிழ் ஐயா போர்டில் எழுதினார். தவசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தண்ணி லாரி ஒன்று ஒழுக்கிக்கொண்டே போனது. அது நன்றாயிருந்தது. மறுநாளிலிருந்து போகவில்லை. முக்கால் மணி நேரப் பாடவேளைக்கே உட்காரத் தெரியாதவன் இன்றைக்கு மூன்றரை மணி நேரமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், கால் மரத்துப்போய், உள்ளங்கை வேர்த்துத் தாளில் ஒட்டி. யாருக்காக என்று கேட்டால் சொல்லமாட்டான். கேட்கவும் யாருமில்லை.

அவள் கடைக்கு முதலில் வந்தது அவளுடைய பழைய விடைத்தாளின் நகலைத் தூக்கிக்கொண்டு. யூனிவர்சிட்டியில் கேட்டு வாங்கியிருந்தாள், எப்படி ஃபெயில் ஆனேன் என்று பார்க்கணும், வாசிச்சுக் காட்டுறியா தம்பி. போன தடவை ஸ்கிரைப்பாகப் போனது அவளுடைய சித்தி மகள். பாவி, காதில் விழுந்த அத்தனையையும் எழுதி வைத்திருந்தது. சிறுகதையின் தோற்றம் என்று ஆரம்பித்து, கமா, அடுத்த பத்தி, இரு யோசிச்சுக்கிறேன், தண்ணி பாட்டில எடு, என்று போனது. தவசி வாசிக்க முடியாமல் சிரித்தான். பிறகு பயந்துபோய் நிறுத்தினான். அவளோ மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவனைவிடச் சிரித்தாள். “தண்ணி பாட்டிலுக்கு மார்க் போட்டிருக்காங்களா பாரு” என்றாள். போட்டிருந்தார்கள், அரை மார்க். அதிலிருந்து மத்தியானக் கூட்டம் குறைந்த பிறகு வருவாள். பாடப் புத்தகம் மட்டமான அச்சு, எழுத்தை வாசித்துச் சொல்கிற அவள் போனுக்கு அது பிடிபடவில்லை, வகுப்பில் நாலாவது கதையைப் பரீட்சைக்கு வராது என்று தள்ளிவிட்டார்கள், ஆக தவசிதான் வாசிக்க வேண்டும். மெஷினிலிருந்து வரும் தாளை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள், இப்பத்தான் பொறந்துச்சா, சூடா இருக்கு, என்பாள். அந்தத் தாளாகப் பிறந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும். இப்படியெல்லாம் தோன்றுகிறதே என்று உடனே கடுப்பும் வரும். அவளுக்கு இருபத்திரண்டு, அவனுக்குப் பதினேழு முடியப்போகிறது. அவள் தம்பி என்கிறாள். அவன் அக்கா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, கூப்பிட வேண்டிய இடம் வந்தால் தொண்டையைக் கனைப்பான், இந்தாங்க என்பான். பாடத்தை அவள் அவனுக்குச் சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்குமாம். “நோக்குநிலைன்னா ஒண்ணுமில்லடா. இப்ப இந்தக் கடையில மூணு பேரு இருக்கோம். உங்க ஓனர் சொன்னா இது என்ன கதை?” கரண்டு வீணாப்போகுதுங்கிற கதை. “நான் சொன்னா?” அது எனக்குத் தெரியாது. “கரெக்ட், உனக்குத் தெரியாது, அதுதான் விஷயம், ஒருத்தன் சொல்றான்னா அவனுக்குத் தெரியாததும் அதுக்குள்ள இருக்கு. சரி, நீ சொன்னா?” அவன் மெஷின் மூடியைத் திறந்தான், மூடினான். டோனர் தீந்துருச்சுன்னு சொல்லுவேன், என்றான். “போடா. நீயெல்லாம் கதை சொல்ல லாயக்கில்ல.” முரண்நகையை எப்படிச் சொன்னாள்? உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது, வெளியே இருக்கிற நமக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டும் அவன்கிட்டச் சொல்ல முடியாம உக்காந்திருக்கோம் பாரு, அந்த அவஸ்தை. அன்றைக்குத் தலையை ஆட்டினான். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்து, ம் என்றான். இன்றைக்குத்தான் தெரிகிறது அந்த அவஸ்தை எங்கே உட்காருமென்று, நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, சாப்பிட்டது இறங்காத இடத்தில்.

அந்த நாலாவது கதையைச் சொல்பவன் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற ஒருத்தன், பேர்கூட இல்லை, நான் நான் என்றே சொல்லிக்கொண்டு போகிறான். தினம் சாயங்காலம் வனஜாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறான். முதல் பஸ் வரும், வனஜா ஏறமாட்டாள். இரண்டாவது வரும், ஏறமாட்டாள். மூணாவதில்தான் ஏறுவாள். என்னோடு பேசுவதற்காக இரண்டு பஸ்ஸை விடுகிறாள் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. ஆனால் மூணாவது பஸ் வளைவில் திரும்பும்போது அவள் பூவைச் சரிசெய்கிறாள், அந்த பஸ் கண்டக்டர் அவளிடம் மட்டும் சில்லறை கேட்பதில்லை, முன் சீட்டில் ஒரு பை கிடந்து அவளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அவனே பார்க்கிறான், அவனே சொல்கிறான், அவனுக்கே உறைக்கவில்லை. வாசிக்க வாசிக்க சகாயராணி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ கூமுட்டை, கண்டக்டர்டா, கண்டக்டரு” என்று தொடையில் தட்டினாள். தவசி சிரிக்கவில்லை. கண் முந்திக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிட்டது. வனஜா கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறாள், முதல் பத்திரிகை உனக்குத்தான் என்கிறாள், மூணாவது பஸ்ஸில் ஏறிப் போகிறாள். கூமுட்டை நின்றுகொண்டு, பாவம், என்னை விட்டுப் போக அவளுக்கு எப்படி மனசு வந்திருக்கும், என்று நினைக்கிறான். அதோடு கதை முடிகிறது. அந்த வரியை இந்த வாயால் இவள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது. இவளும் தினம் ஒரு பஸ்ஸையாவது விடுகிறாள். நாலரைக்கு ஒன்று இருக்கிறது, ஐந்தே காலுக்குத்தான் போகிறாள், அவன் எண்ணி வைத்திருந்தான். அவளுடைய முகம் அவன் குரலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது, மூக்கு நுனியில் டோனர் கருப்பு. பத்திரிகை என்ற வார்த்தையையே விட்டுவிட்டான். பஸ் கிளம்பியது, வளைவில் பிரேக் போட்டு நின்றது, வனஜா இறங்கினாள், நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள், இன்னும் ரெண்டு பஸ் இருக்குல்ல, என்றாள். முடிஞ்சுது. பக்கத்தைத் திருப்புகிற மாதிரி ஒரு சத்தமும் கொடுத்தான். சகாயராணி தொடையில் தட்டுவதை நிறுத்தினாள். சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப் போனது. “அடப்பாவி” என்றாள், கதை எழுதினவரை. “அப்ப அவன் நினைச்சதுதான் சரியா? இவ்வளவு நேரம் நம்ம சிரிச்சோமே, நம்மதான் கூமுட்டையா?” பிறகு, “இன்னும் ரெண்டு பஸ் இருக்குல்ல” என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “இந்த ஒரு வரிய எழுதினவன் பெரிய ஆளுடா” என்றாள். தவசிக்குக் காது சூடாகிவிட்டது. நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருந்தால் முதுகில் ஒரு அடி கிடைத்திருக்கும், ஒழுங்கா வாசிடா நாயே என்றிருப்பாள், தீர்ந்தது. சொல்லவில்லை. அவனை வாழ்க்கையில் யாரும் பெரிய ஆள் என்று சொன்னதில்லை, அதுவும் அவன்தான் என்று தெரியாமல் அவனிடமே. அந்தச் சந்தோஷத்தை இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தான். ஒரு நாள் ஒரு மாசமாயிற்று.

ஜெயசீலன் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பினார். மின்விசிறி விடைத்தாளின் மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. “அடுத்த வரி சொல்றேன், எழுதிட்டியா அத” என்றாள் சகாயராணி. ம் என்றான், எழுதாமலே. ம் மட்டும் சார் கணக்கில் பேச்சில்லை போல. கேள்வியை வாசிக்கும்போதே ஒரு வழி இருந்தது. அ அல்லது ஆ, இரண்டில் ஒன்றுக்கு எழுதினால் போதும். அ-வை வாசித்துவிட்டு நிறுத்தினான். அல்லது என்னடா, அதையும் வாசி, என்றாள். ஆ நாலாவது கதை என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பஸ் வந்த மாதிரி. அவன் முகத்தை அப்போது பார்க்க ஆளில்லை. இந்தப் பதினைந்தும் வந்தால்தான் பாஸ், ஐந்து மார்க் கேள்விகளில் இரண்டை விட்டுவிட்டாள். பாஸானால் ஜூலையில் பி.எட்., பாளையங்கோட்டையில் இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஹாஸ்டல். அவள் வாத்தியாராகி, இந்தக் கதை உணர்த்தும் நீதி யாது என்று எழுதாத வாத்தியாராகி, வேறு எவனையோ தம்பி என்று கூப்பிட்டு நோக்குநிலை நடத்துவாள். ஃபெயிலானால் இங்கேதான், திண்டுக்கல்லில்தான், இன்னும் ஆறு மாசம், நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு. அதற்கு அவன் ஒரு தப்பும் பண்ண வேண்டியதில்லை. சொன்னதை எழுத வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட ஃபாரமும் அதைத்தான் சொல்கிறது, சாரும் அதைத்தான் சொல்கிறார், அவளும் காலையில் ஹாலுக்குள் நுழையும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள், “நான் சொல்றத மட்டும் எழுது, நீ யோசிக்காத, நீ யோசிச்சா நான் காலி.” தோளில் அந்த நாலு விரல் இன்னும் இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக ஒருத்தரைக் கவிழ்க்க முடியுமா. யாருக்கும் தெரியாது, அவளுக்குமே தெரியாது, இந்தத் தடவை விடைத்தாள் நகலை வாங்கி வந்தாலும் வாசிக்கப்போவது அவன்தான். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு, திருத்தினவன் சரியில்ல, என்று சொல்லிவிடலாம். அவளும் நம்புவாள். நம்புவாள் என்பதுதான் சகிக்கவில்லை. பரிதாபமெல்லாம் இல்லை, அவளைப் பார்த்து எவனும் பரிதாபப்பட முடியாது, வாயால் கிழித்துவிடுவாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை. அவள் கடையில் சொல்லிப் பார்த்த பதில் அத்தனை நன்றாக இருக்கிறது, இல்லாத ஒரு முடிவுக்கு இந்த ஊரில் எவளும் சொல்லாத விளக்கம். திருத்துகிறவர், இந்தப் பெண் கதையே படிக்கவில்லை என்று ஒரு சுழி போட்டு அடுத்த தாளை எடுப்பார். ஒரு சுழி. அவள் படித்த படிப்பு பூராவும் அந்தச் சுழிக்குள்ளே.

“அடுத்த பத்தி” என்றாள் அவள். தவசி எழுதினான்: இறங்கவில்லை. வனஜா பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அவள் குரல் நிதானமாக வந்தது, “ஆகவே, கமா, அதுவரை கதைசொல்லியைப் பார்த்துச் சிரித்த வாசகனே இறுதியில் ஏமாந்தவன் ஆகிறான்.” அவன் காதில் அது விழ விழ, கை வேறொன்றை எழுதியது. கதைசொல்லி எல்லாவற்றையும் பார்க்கிறான். பூவைப் பார்க்கிறான், பையைப் பார்க்கிறான், பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் படிக்கிறான். நோக்குநிலை அவனுடையது, ஆனால் தெரிவது நமக்கு. இதுவரைக்கும் அவள் சொல்லிக்கொடுத்தது. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, பிளஸ் ஒன்னில் மூணு பேப்பர் போனவன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், முரண்நகை கதாபாத்திரத்தின் மேல் விழாமல் நம் மேல் விழுகிறது என்று, அவள் கை காற்றில் ஒரு வளைவு போட்டு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதினான்: அவனுக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. புரிந்துவிட்டால் நாளைக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் போய் நிற்க முடியாது. நிற்க வேண்டும் என்பதற்காகப் புரியாமல் இருக்கிறான். சிரிக்கிறவர்களுக்கு அவன் முட்டாள். அவனுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. எழுத்து கோணலாக ஓடியது, மெய்க்கு மேல் புள்ளி வைக்க நேரமில்லை, வைத்தான். அவள் நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று அவனுக்குத் தெரியாது. அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே ஒரு பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டு முடிக்கிற வரைக்கும் அவள் அசையாமல் இருந்தாள்.

“நான் முடிச்சு ரொம்ப நேரமாச்சு” என்றாள் சகாயராணி, சாருக்கு எட்டாமல் மெதுவாக. குரலில் கோபமில்லை, இன்னும் வரவில்லை. “நான் சொன்னது எட்டு வரி. நீ எழுதினது அதுக்கு மேல.” ஜெயசீலன் சார் வாட்சைப் பார்த்துவிட்டு, “அஞ்சு நிமிஷம்மா, தாளைக் கட்டணும்” என்றார். அவளுக்கு அவர் சொன்னது விழுந்ததாகவே தெரியவில்லை. அவளுடைய காது முழுசாக அவன் பக்கம் திரும்பியிருந்தது. கழுத்தில் ஒரு வேர்வைக் கோடு, ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது, கட்டச் சொல்லவும் முடியாது, கட்டிவிடவும் முடியாது. எழுதினதை வாசித்தால் அவன் அவளை ஏமாற்றினது இந்த நிமிஷமே தெரிந்துவிடும். அவள் சொன்ன எட்டு வரியும் அவனுக்கு அச்சாக மனப்பாடம், அதையே வாசிக்கிற மாதிரி சொல்லிவிடலாம், இதற்கு முன்னால் செய்திருக்கிறான், அருமையாகச் செய்வான், நம்பிவிட்டு எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள், பஸ் ஸ்டாப் வரைக்கும், ஜூலை வரைக்கும். “கடைசிப் பத்திய வாசி, தம்பி” என்றாள். சாரும் கையை ஆட்டி, “அதுக்கு அனுமதி இருக்கு, வாசிப்பா” என்றார். தவசி தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான். முதல் வார்த்தை வனஜா. அவள் காத்திருந்தாள். அவன் எழுதினதையும் வாசிக்கவில்லை, அந்த எட்டு வரியையும் சொல்லவில்லை.